மழையால் நடக்காத பந்தயம்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நான் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த கதை இல்லை, ஒட்டுக்கேட்டது. ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண், வெளிநாட்டில் நடக்கும் பெரிய கார் பந்தயத்துக்குத் தனக்கும் கணவருக்கும் இடம் பதிவு செய்ய வந்திருந்தாள். இருவருக்கும் அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஊழியரிடம் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"இந்த ரேஸை மறுநாள் போய்ப் பார்க்க ஏதாவது வழி இருக்கா?"

ஊழியர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் புது பாஸ்போர்ட் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பயந்தவர்களை எனக்குத் தெரியும். பாம்பின் கால் பாம்பறியும்.

2.

ஆரம்பிக்கத்தான் முடியவில்லை.

"விமானம் மேலே எழும்பியபோது அவள் கண்களை இறுக"— வேண்டாம். விமானத்தைப் பற்றி அவளுக்கு எந்தப் பயமும் இல்லை.

"வேகம் என்றாலே அவளுக்கு"— இது அதைவிடப் பொய். வேகம் அவளுக்கு உயிர். எந்த ஓட்டுநர் எந்த வளைவில் பிரேக்கைத் தாமதமாக மிதிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

பிரச்சினை வேறு. கல்யாணமான புதிதில் இருவருமாக டிவியில் நேரடி ஒளிபரப்பு பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு கார் தடுப்பில் மோதித் தீப்பிடித்தது. ஓட்டுநர் பிழைத்தாரா என்று தெரிய அரை மணி நேரம் ஆனது. பிழைத்துவிட்டார். ஆனால் அந்த அரை மணி நேரம் அவளைவிட்டு இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு. பந்தயத்தை முதலில் கணவர் தனியாகப் பார்ப்பார். அவள் சமையலறையில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஏதாவது உருட்டிக்கொண்டிருப்பாள். முடிந்ததும் அவர் வந்து, "ஒண்ணும் இல்ல, வா" என்பார். பிறகு பதிவு செய்ததைப் போட்டு இருவரும் முதலிலிருந்து பார்ப்பார்கள். யார் ஜெயித்தார் என்று அவர் மூச்சுவிட மாட்டார். எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள் என்பது மட்டும் அவளுக்குப் போதும்.

நாவல்களையும் அவள் இப்படித்தான் படிப்பாள். அதனால் வீட்டில் அவளுக்குப் பெயரே "கடைசிப் பக்கம்".

(உங்களில் சிலரும் அந்த ரகம்தான். இந்நேரம் கடைசி வரியை எட்டிப் பார்த்திருப்பீர்கள்.)

3.

கணவர் யார்? முதல் பிரதியில் அவரை டயர் கடைக்காரர் ஆக்கினேன். பந்தயக் கதைக்கு அது ரொம்ப வசதி என்று தோன்றி அடித்துவிட்டு, கார் ஓட்டப் பயிற்சி தருபவர் ஆக்கினேன். அவருடைய காரில் இரண்டு பிரேக். ஒன்று கற்றுக்கொள்பவர் காலடியில், மற்றது அவர் காலடியில். நாள் முழுக்க அடுத்தவர் தப்புக்குப் பிரேக் போட்டுப் பழகிய கால், டிவி முன்னாலும் சும்மா இருக்காது. வளைவு வரும்போதெல்லாம் தரையை மிதிக்கும்.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தத்தைத் தீற்றி, சாயமிட்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்ப்பாள். டாக்டருக்கும் முன்னால், நோயாளிக்கும் முன்னால் விஷயம் அவளுக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை பக்கத்து வீட்டு அக்கா தன் மகளுடைய ரத்தத்தைக் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். தகட்டில் இருந்தது நல்ல செய்தி இல்லை. "மெஷின் ரிப்பேர்க்கா, நாளைக்கு டாக்டர் சொல்வார்" என்று அனுப்பிவிட்டு, ஒரு பாவமும் அறியாத மெஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.*

* பரிசோதனைக் கூடம் என் கற்பனை. பயம் மட்டும் ஒட்டுக்கேட்டது.

4.

மறுபடியும் டிராவல்ஸ் அலுவலகம். ஊழியர் இருக்கைகளின் படத்தைத் திருப்பிக் காட்டினார். கணவர் போனிலேயே இடம் சொல்லியிருந்தார், பெரிய வளைவுக்கு எதிரே, மூன்றாவது வரிசை. ரசிகர்கள் அடித்துக்கொள்ளும் இடம். கார்கள் தடம் புரள்வதும் அங்கேதான். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்த ஊழியர் ஆறுதலாகச் சொன்னார்:

"பயப்படாதீங்க மேடம். நாலு வருஷம் முன்னாடி ஒரு டிரைவர் இறந்தாரே, அதுக்கப்புறம் அங்க புதுத் தடுப்பு கட்டிட்டாங்க."

"நாலு வருஷம் முன்னாடியா? அந்த வருஷம் மழையில ரேஸே நடக்கலையே."

"மழையா? வெயில் கொளுத்துச்சு மேடம்."

இந்த அலுவலகப் பேச்சு வரைதான் நான் காதால் கேட்டது. அவள் எழுந்து போய்விட்டாள். இனிமேல் வருவதெல்லாம் என் சரக்கு.

(நாலு வருடமாக அது அவள் காதில் விழாமலா இருந்திருக்கும் என்று கேட்பீர்கள். தெரிந்துகொள்ளக் கூடாது என்று முடிவெடுத்தவருக்கு எதுவும் தெரியாது. கணவர் சொல்வதற்கு முன்னால் பந்தயச் செய்தி எதையும் அவள் திறப்பதில்லை. நடக்காத பந்தயத்தைப் பற்றி யார் தேடுவார்கள்?)

5.

பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். செத்தவர் யாரோ. அவரைவிட அவளை உலுக்கியது வேறு: இத்தனை நாள் கேட்ட "ஒண்ணும் இல்ல, வா" எல்லாம் இப்போது சந்தேகமாகிவிட்டது. இனி எதை நம்பி எதைப் பார்ப்பது? அந்த வருடத்து மழை நாள் ஞாபகம் வந்தது. அன்று அவர் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி, வெகுநேரம் உள்ளேயே உட்கார்ந்து பழுது பார்த்தார். குழாய் ஒழுகவில்லை. அப்போதே அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை.

வீட்டில் அவர் இரவல் வாங்கிய சூட்கேஸின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மழை இல்லையாமே."

இந்த இடத்தில் ஒரு சண்டை எழுதினேன். நல்ல சண்டைதான், தட்டு ஒன்றுகூட உடைந்தது. அடித்துவிட்டேன். துடைத்த மெஷினை நினைத்துக்கொண்டு அவளால் எப்படிச் சண்டை போட முடியும்?

அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்கிட்ட சொல்லத்தான் வந்தேன். நீ பாத்திரம் கழுவிட்டுப் பாடிட்டு இருந்த. வாயில வரல. மழைன்னு சொல்லிட்டேன்."

"அதே வளைவுலயா சீட்டு கேட்டீங்க?"

"அதுக்கப்புறம் அந்த வளைவு வந்தாலே நான் எழுந்து நின்னுடுறேன். ஒவ்வொரு ரேஸையும் முதல்ல நான்தானே பாக்குறேன். எனக்கு மட்டும் முடிவு தெரிஞ்சா பாக்குறேன்? ஒரு தடவையாவது நீ பக்கத்துல இருந்தா தேவலன்னு இருந்துச்சு. அதான் டிக்கெட்."

அவளுக்கு அழுகை வந்தது. தான் பயப்படாமல் இருந்த ஒவ்வொரு நாளும் அவர் இருவருக்குமாகச் சேர்த்துப் பயந்திருக்கிறார். இரண்டாவது பிரேக் எப்போதும் அவர் காலடியில்தான் இருந்திருக்கிறது.

6.

இனி முடிவு. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கதையில் ஒருவர் பயந்தால் பயந்தது நடந்தே தீர வேண்டும் என்று எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. நான் ஒரு வரி எழுதினால் அந்த வளைவில் ஒருவன் செத்துவிடுவான். வேறு வரி எழுதினால் எல்லோரும் வீடு திரும்புவார்கள், நீங்கள் "சப்பென்று போச்சு" என்பீர்கள்.

அவள் பயணத்தை ரத்து செய்வதாக ஒரு முடிவு எழுதினேன். எண்ணெய் விட்ட சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எழுதி முடித்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. கிழித்துவிட்டேன்.

ஆகவே அவர்கள் போகிறார்கள். பெரிய வளைவு, மூன்றாவது வரிசை. நல்ல வெயில். காதடைப்பான் இரண்டு ஜோடி வாங்கி வந்தவள் ஒன்றைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. கார்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன. எல்லாம் அணைந்தால் பந்தயம் தொடங்கும்.

பழக்க தோஷத்தில் அவள் கேட்கிறாள்: "ஒண்ணும் இல்லல்ல?"

"தெரியலம்மா."

அவர் கால் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறது. அவளும் தன் காலை அதன் பக்கத்தில் வைத்து மிதிக்கிறாள். விளக்குகள் அணைகின்றன, கார்கள்—

இதற்குமேல் நான் எழுதவில்லை. எழுதி வைத்து மறைக்கவும் இல்லை.

கடைசி வரியை முதலில் படிக்க வந்தவர்களுக்கு: எனக்கும் தெரியாது, முதலிலிருந்து வாருங்கள், பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.