என்ரை தறப்பாள்

பதினெட்டாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். சோமசேகரம் சேர் எனக்குத் தரவேண்டிய காசு.

போன வருடம் எங்கள் ஊர்ப்பக்கத்து முதலுதவிப் படைப் பிள்ளைகளுக்கு நடந்த பாசறையில், கூடாரத் தறப்பாள் கட்டக் கயிறு, கம்பு, ஏற்றி இறக்க லாண்ட்மாஸ்ரர் உழவுயந்திரக் கூலி என்று நான் கையால் போட்ட காசு அது. என் உழைப்புக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. மகள் ஆரபி அந்தப் படையில் மேளம் அடிக்கிறாள். அதனால் சனிக்கிழமைகளில் மேசன் வேலையை விட்டுவிட்டுப் போவேன். கூடாரம் அடிப்பேன், தண்ணீர் அள்ளுவேன், பொழுதுபட்டும் வராத தாய் தகப்பன்மாருக்காகப் பிள்ளைகளோடு கேற்றடியில் காவல் நிற்பேன். சேர் படையின் தலைவர். படம் எடுக்கும் நேரத்துக்கு வருவார்.

பில்லை நானே எழுதிக் கொடுத்தேன். நாற்பது வயதுக்குப் பிறகு எழுத்துப் படித்தவன் நான். சேர் அதைத் தக்சாயினி ரீச்சருக்கு முன்னால் சத்தமாக வாசித்துச் சிரித்தார்.

"இவ்வளவு பிழையோட இருக்கிற பில்லுக்குக் காசு குடுத்தால் என்னையெல்லோ பிடிப்பினம். திருத்திக்கொண்டு வாரும், கதிரவேலு."

திருத்திக்கொண்டு போனேன். முத்திரை ஒட்டவில்லை என்றார். ஒட்டினேன். செயற்குழு கூடவேண்டும் என்றார். செயற்குழு என்றால் அவரும் அவருடைய போனும்தான்.

"எனக்கும் பஸ்ஸுக்குக் குடுத்த காசு இன்னும் வரேல்லை, அண்ணை" என்றார் ரீச்சர். பாலர் பள்ளியில் படிப்பிப்பவர். படையில் சேருக்கு அடுத்தவர். "நான் கேக்கிறதையே விட்டிட்டன்."

"நான் விடமாட்டன், ரீச்சர்."

இந்த வருடப் பாசறை பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். திரும்பவும் என் தறப்பாள்களை ஏற்றிக்கொண்டு போனேன். நுவரெலியாவில் நடக்கப்போகும் பெரிய பாசறைக்கு ஆரபியைத் தெரிவு செய்திருந்தார்கள். அவளுக்காகத்தான் போனேன்.

போய் இறங்கியதும் சேர் தனக்கென்று தனிக் கக்கூஸ் கேட்டார். பிள்ளைகள் போகும் இடத்துக்கு அவர் போகமாட்டாராம். தூரம் நடக்கவும் மாட்டாராம். இடத்தை அவரே காட்டினார்.

"சேர், இது கொடிக்கம்பத்துக்கு நேரை முன்னாலயெல்லோ?"

"கட்டுறதுதான் உம்மடை வேலை. யோசிக்கிறது என்ரை வேலை."

குழி வெட்டி, நாலு கதியால் தடி நட்டு, சுற்றிவர என் தறப்பாளைக் கட்டிக் கொடுத்தேன்.

முதல்நாள் கொடியேற்றத்தில் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றேன். சேர் எல்லாருக்கும் முன்னால் கையை நீட்டினார்.

"சீருடை இல்லாத ஆள் வரிசையில நிக்கேலாது. படம் பழுதாப்போகும். அங்காலை போம்!" பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "கொடி ஏறத் தொடங்கினால் காலுக்குள்ள பாம்பு வந்தாலும் ஒருத்தரும் அசையக்கூடாது. கீதம் முடியுமட்டும் அசையக்கூடாது. விளங்கிச்சுதோ?"

எனக்கு நன்றாக விளங்கியது.

கடைசி நாளுக்கு முதல்நாள் பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

"நுவரெலியாவுக்குப் பன்னீராயிரம். விடிய வராட்டில் உம்மடை பெட்டையின்ரை பேரை வெட்டிப்போட்டு வேற ஆளைப் போடுவன்."

"எனக்குத் தரவேண்டியதில கழியுங்கோவன், சேர்."

"அது வேற கணக்கு, இது வேற கணக்கு. உமக்கு உதெல்லாம் விளங்காது."

ஆரபி மேளத்தோடு பக்கத்தில் நின்றாள். "பரவாயில்லை அப்பா, நான் போகேல்லை" என்றாள். அந்தப் பரவாயில்லை என் நெஞ்சுக்குள் கொதித்துக்கொண்டே கிடந்தது.

விடிந்தது. கடைசி நாள் கொடியேற்றத்துக்குப் பிரதம விருந்தினர் சொன்ன நேரத்துக்கு முதலே வந்து இறங்கிவிட்டார். கமராக்காரரும் வந்துவிட்டார். சேரைக் காணவில்லை. ஒரு தாய் கொண்டுவந்து கொடுத்த நண்டுக்கறியை இரவு அவர் ஒருவராகவே முடித்திருந்தார். சற்று முன் வாளியோடு தறப்பாளுக்குள் ஓடியதை நான் கண்டேன்.

விருந்தினர் மணிக்கூட்டைப் பார்த்தார். ரீச்சர் தறப்பாளைப் பார்த்தார். பிறகு, "படை, கவனம்!" என்றார். கொடி ஏறத் தொடங்கியது.

எல்லாரும் மரம் மாதிரி நின்றார்கள். வரிசையில் இல்லாத ஆள் நான் ஒருவன்தான். மடியிலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு போனேன்.

பின்பக்கத் தறப்பாள் விழுந்தது.

"ஆரடா அது?"

"நான்தான் சேர், கதிரவேலு. என்ரை தறப்பாளைக் கழட்டுறன்."

"உமக்கென்ன விசரே! விருந்தினர் வந்திட்டாரோ?"

"ஓம். முன்னாலதான் நிக்கிறார். கமராவும் நிக்குது."

இரண்டு பக்கத் தறப்பாள்களும் விழுந்தன. அவர் காற்சட்டையை அவசரமாக மேலே இழுத்தார்.

"எமில்ராஜ்! ஆராவது ஓடிவாங்கோ!"

எமில்ராஜ் அவருக்குக் குடை பிடிக்கிற ஆள். அவன்கூட அசையவில்லை. கொடி உச்சிக்குப் போய்விட்டது. ரீச்சர் எங்கள் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"படைக்கீதம்! எல்லாச் சரணமும்!"

அந்தக் கீதத்தின் எல்லாச் சரணத்தையும் அதுவரை ஒருவரும் பாடிக் கேட்டதில்லை. பிள்ளைகள் தொடங்கினார்கள். ஆரபியின் மேளம் நன்றாகக் கேட்டது.

"கதிரவேலு, ஐயா, காசு தாறன். முன்பக்கத்தை மட்டும் விடும்."

"பிள்ளையின்ரை பேர்?"

"போட்டாச்சு! பன்னீராயிரம் கட்டினதா எழுதுறன்!"

"ரீச்சருக்குக் கேக்கச் சொல்லுங்கோ."

கத்திச் சொன்னார். ரீச்சர் கீதத்தை விடாமல் தலையை ஆட்டினார்.

"மிச்சம் ஆறாயிரத்து அறுநூற்றைம்பது, சேர்."

சட்டைப் பையிலிருந்து பேர்ஸை இழுத்தெடுத்தார். ஆறாயிரம் வந்தது.

"இவ்வளவுதான் கிடக்கு. அறுநூற்றைம்பதைப் பிறகு தாறன். சத்தியமா."

"பிறகு எண்டால் செயற்குழு கூடவேணுமெல்லோ?"

முன்பக்கத் தறப்பாள் பழையது. இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டது. அதை அவருக்கு விட்டுவிட்டு, இன்னொரு வருடம் அறுநூற்றைம்பதுக்கு அலைய எனக்கு மனமில்லை. ஆறாயிரத்தை மடியில் செருகினேன். மிச்சக் காசை விட்டேன். கயிற்றை வெட்டினேன்.

கீதம் இன்னும் முடியவில்லை. விருந்தினர் பார்த்தார், பிள்ளைகள் பார்த்தார்கள், கமரா பார்த்தது. பெல்ற் கழுத்தில் தொங்க, சேர் ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சலூட் அடித்தார். காலடியில் வாளி. கடைசிச் சரணம் முடியும்வரை அவர் அசையவில்லை.

நான் தறப்பாளை மடித்து லாண்ட்மாஸ்ரரில் போட்டேன். கணக்குச் சரி.