நிலோஃபரின் ஒரு நிமிடம்

சாலிகிராமத்தில் எந்தக் கம்பெனிக்கு வேலை வரவில்லையோ அதன் வாசல் சுருங்கும். மாதத்துக்கு இரண்டு விரற்கடை. நிலோஃபரின் ஒலிக்கூடத்து வாசல் அந்த ஐப்பசியில் ஒரு அடிக்கு வந்திருந்தது. அவள் ஒருக்களித்து நுழைந்துவிடுவாள். ஒலிப்பதிவாளர் கஜபதிக்கு முடியவில்லை, உடம்பு அப்படி. மூன்று நாளாக வெளியே படிக்கட்டில் குடையோடு உட்கார்ந்து, ஒயரை இழுத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார்.

சினிமாவுக்கும் சீரியலுக்கும் காலடி ஓசை கொடுப்பது அவர்கள் தொழில். திரையில் ஒருத்தி நடந்தால் மைக் முன்னால் நிலோஃபர் நடப்பாள். மணல், சரளை, சருகு என்று தட்டுத் தட்டாக வைத்திருந்தாள். இதைச் செய்ய ஊரில் இன்னும் நாலு பேர் உண்டு. ஆனால் அவள் அறையின் நிசப்தம் அவர்களிடம் இல்லை. ஒரு காலடிக்கும் அடுத்த காலடிக்கும் நடுவே அங்கே ஒன்றுமே கேட்காது. மிகவும் கூர்ந்து கேட்டால், எப்போதோ நின்றுபோன சுவர்க்கடிகாரம் விடுகிற ஒரு சின்ன டிக். அவ்வளவுதான்.

“மன்றத்துல சேர்ந்துடும்மா,” என்றார் கஜபதி, வாசல் இடுக்கு வழியாக. “சேர்ந்தவங்களுக்கெல்லாம் சுவத்துல கதவு வருது. ஒருத்தர் ஆபீஸ்லேர்ந்து இன்னொருத்தர் ஆபீஸுக்கு. பார்ட்டி தானா உள்ள வந்துடுவான்.”

“அங்க எழுந்து நின்னு பேசணுமாமே சார்.”

“ஒரு நிமிஷம்தானே? நான் மூணு நாளா மழையில உக்காந்திருக்கேன்.”

தொழில் இணைப்பு மன்றம் செவ்வாய்தோறும் காலை ஏழு மணிக்கு ஒரு ஹோட்டல் மாடியில் கூடும். பொங்கல் சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவரும் எழுந்து தன் தொழிலைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும். போஸ்டர் வரைபவர் பேசினார். கல்யாண வீடியோக்காரர் இரண்டு நிமிடம் பேசினார். நிலோஃபருக்கு நாக்கு எழவில்லை. பையிலிருந்த ஸ்பீக்கரை மேசைமேல் வைத்து, தன் அறையின் நிசப்தத்தை ஒரு நிமிடம் ஒலிக்கவிட்டாள்.

கரண்டிச் சத்தம் அடங்கியது. செயலாளர் சிட்டிபாபு கண்களை மூடிக்கொண்டார்.

“என் ஆபீஸ் மெயின் ரோட்டுமேல மேடம்,” என்றார் பிறகு. “உங்க பக்கம் ஒரு கதவு எனக்கும் போட்டுக்கறேன்.”

மறுநாள் மேற்குச் சுவரில் முதல் கதவு இருந்தது. சனிக்கிழமைக்குள் பதினான்கு. வேலை வந்தது, போஸ்டர்காரர் கதவு வழியாக ஓர் இயக்குநரே வந்தார். கஜபதி, கல்யாண வீடியோக்காரர் கதவு வழியாக நிமிர்ந்து நடந்து உள்ளே வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கதவுகள் திறந்தே இருக்க வேண்டும் என்பது மன்ற விதி. பதினான்கு வழியாகவும் நிசப்தம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போயிற்று. பதிலுக்குப் பிரிண்டரின் இரைச்சலும் நாதஸ்வரமும் யாரோ போனில் போடும் சண்டையும் உள்ளே வந்தன.

“சாத்திடலாமா சார்?”

“சாத்துனா திரும்ப சுவராயிடும். அப்புறம் எது வழியா வெளிய போவ?”

அவள் வாசலைப் பார்த்தாள். வேலையெல்லாம் கதவுகள் வழியாகவே வந்ததில் அது வேகமாகச் சுருங்கி, கடிதம் போடும் அளவுக்கு ஒரு துவாரம் மிஞ்சியிருந்தது.

இயக்குநரின் காட்சியில், காலி வீட்டைவிட்டு ஒரு பெண் தனியாக வெளியேறுகிறாள். நிலோஃபர் நடந்ததை அவர் இரண்டு முறை கேட்டார்.

“நடை பிரமாதம்மா. ஆனா அந்தப் பொண்ணு பின்னாடி ஒரு கல்யாண ஊர்வலமே வருதே. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலைன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்.”

“நிசப்தம்தானே?” என்றார் சிட்டிபாபு, தன் கதவு வழியாக எட்டிப் பார்த்து. “நம்ம மெம்பர்கிட்டயே இருக்கு. பதினோராவது கதவு.”

பதினோராவது கதவுக்குப் பின்னால் ஒரு நகை விளம்பரக் கம்பெனி. புது அறை, நாலு சுவர். முதலாளி உற்சாகமாக வரவேற்றார். “போன வாரத்துலேர்ந்து நல்லா சேருது மேடம். வாடகைக்கு விடுறோம்.”

நிலோஃபர் மைக் முன்னால் நடந்தாள். ஏழாவது காலடிக்கும் எட்டாவது காலடிக்கும் நடுவே ஒரு சின்ன டிக் கேட்டது. அந்த அறையில் கடிகாரம் எதுவும் இல்லை. அவள் கடைசி வரை நடந்து முடித்தாள். மன்ற விதிப்படி, உதவிய உறுப்பினர் என்று முதலாளிக்கு நன்றிச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். இயக்குநர் அடுத்த படத்தை நேராக அந்தக் கம்பெனிக்கே கொடுத்தார்.

அவள் திரும்பி வந்தபோது கதவுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நடுவே அறை இல்லை. கஜபதி ஒரு நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார்.

“உள்ள எடமில்லம்மா.”

“தட்டெல்லாம்?”

“மணலை மட்டும் மடியில வச்சிருக்கேன்.”

அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். அவளும் உட்கார்ந்தாள். யார் யாரோ அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை அவளுடைய முறை வந்தது. நிலோஃபர் எழுந்து நின்றாள். இந்த முறை பேசவேண்டும் என்று நான்கு வரி மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். முதல் வரிக்கு வாய் திறப்பதற்குள் கல்யாண வீடியோக்காரர், “கொஞ்சம் மேடம்,” என்று அவள் இடது தோளில் கையை வைத்துத் தள்ளித் திறந்து, அவள் வழியாகப் பக்கத்து மேசைக்குச் சட்னி வாங்கப் போனார்.

போனவர் சாத்தவில்லை. அவள் தன் நிமிடம் முடியும்வரை அப்படியே நின்றாள்.