மேடை ஏறுமுன் கேட்கும் கேள்வி

கரண்டக்கா என்றால் அந்த அறிவியல் மையத்தில் தெரியாதவர் கிடையாது. பதினோரு வருடமாக மின்கோளத்துக்குப் பக்கத்தில் நின்று, வருகிற பிள்ளைகளின் தலைமுடியைக் குத்திட்டு நிற்க வைப்பதுதான் அவள் வேலை. இடுப்புயரத் தூணின் மேல் பளபளவென்று ஓர் உலோக உருண்டை, அதை ஒட்டி பிளாஸ்டிக் கால் வைத்த ஒரு முக்காலி. பிள்ளை முக்காலியில் ஏறி உருண்டையில் கையை வைத்ததும் கரண்டக்கா பொத்தானை அமுக்குவாள். முடி ஒவ்வொன்றாகக் கிளம்பும். வாரம் முழுக்கப் பள்ளிக் கூட்டம், சனிக்கிழமையானால் குடும்பக் கூட்டம். அப்பா அம்மாக்கள் கைபேசியை நீட்டிக்கொண்டு பிள்ளையை முன்னால் தள்ளுவார்கள். சில அப்பாக்கள் தாங்களே ஏறப் பார்ப்பார்கள். வழுக்கைத் தலையர்களை வேண்டாமென்று சொல்வதில் அவளுக்கு ஒரு தனி ருசி உண்டு.

யாரையும் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அது விதி. உடம்பில் இதயக் கருவி, காதுக் கருவி, வேறு ஏதாவது மின்கருவி பொருத்தியவர்கள் இருக்கிறார்களா என்று நிதானமாகக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் அப்படித்தான் கேட்டாள். கேட்டதும் கூடம் செத்துப்போகும். ஒரு தடவை ஒரு பொடிசு, இதயம் நின்றுவிடுமா என்று கேட்டுவிட்டு ஓவென்று அழ, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் அழ, அன்றைய காட்சியே பாழ். அடுத்த வாரம் அவள் கேள்வியை மாற்றினாள். "இங்க ரோபோ யாராவது இருக்கீங்களா? உடம்புல பேட்டரி, வயர், மெஷின் இருக்கறவங்க கையத் தூக்குங்க. ரோபோவை எல்லாம் நான் மேடையில ஏத்த மாட்டேன்!"

கூடம் அதிர்ந்தது. யாரோ ஒருவன் எழுந்து கையைக் காலை விறைத்துக்கொண்டு நடந்து காட்டினான். அன்றிலிருந்து அதுதான் கேள்வி. மேலாளருக்கும் பிடித்துப்போய், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதையே பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்விக்கு நிஜமாக ஒரு கைகூட உயர்ந்ததில்லை. அது ஏன் என்று ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. கைதட்டல் காதை அடைத்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை ஒரு பள்ளியின் குடும்ப நாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகளும் வீட்டுக்காரர்களுமாக நூறு பேருக்கு மேல். முதல் வரிசையின் ஓரத்தில் ஒரு சுருட்டை முடிக்காரி உட்கார்ந்திருந்தாள். அவிழ்த்துவிட்ட முடி தோளைத் தாண்டிக் கிடந்தது. மின்கோளக்காரிக்கு இதைவிட நல்ல தலை கிடைக்காது. கரண்டக்கா வழக்கம்போல ரோபோக் கேள்வியைக் கேட்டாள். வழக்கம்போலச் சிரிப்பு. சிரிப்பு அடங்குமுன்னே கையை நீட்டி, "அந்தச் சுருட்டைத் தங்கம், நீ வா" என்றாள்.

அவள் எழவில்லை. பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் அவளைப் பிடித்துத் தள்ளினார்கள். கூச்சப்படுகிறாள் என்றுதான் கரண்டக்கா நினைத்தாள். கூச்சப்படுகிற பிள்ளைகளைச் சிரிக்க வைத்து ஏற்றுவதில் அவள் கெட்டிக்காரி. ஏற்றினாள்.

முடி கிளம்பியது. முதலில் நெற்றியோரம், பிறகு காதோரம். இடது காதுக்கு மேலே, முடி விலகிய இடத்தில், நாணயம் அளவுக்கு ஒரு கறுப்பு வில்லை தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் காதுக்குப் பின்னால் போனது. கரண்டக்காவின் கை பொத்தானுக்குப் போவதற்குள் இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பையன் விரலை நீட்டிக் கத்தினான்.

"ஏய், ரோபோ!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் வில்லையைப் பொத்திக்கொண்டு முக்காலியிலிருந்து குதித்தாள். மேடையின் இரும்புக் கைப்பிடியில் அவள் முழங்கை பட்டது. சடாரென்று பொறி பறந்தது. வேறு பிள்ளைக்கு என்றால் ஒரு சுருக்கோடு போயிருக்கும். இவள் அப்படியே நின்றாள். சுற்றி இருந்தவர்களின் வாயை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

மற்றதெல்லாம் கரண்டக்காவுக்குப் பிறகுதான் தெரிந்தது. பிறவியிலேயே கேட்காத பிள்ளை. மூன்று வயதில் தலைக்குள் ஒரு கருவி வைத்து, வெளியே இந்த வில்லையைக் காந்தத்தால் ஒட்டி, அதன் வழியாகத்தான் இத்தனை நாளும் கேட்டாள். இந்தப் பள்ளிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வகுப்பாசிரியைக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் பள்ளிக்குக் காதை மூடித் தளரப் பின்னிப் போவாள், அன்றைக்குப் பின்னலையே அவிழ்த்து முடியைத் தொங்கவிட்டிருந்தாள்.

அப்பா தரைக்கு ஓடு பதிக்கிறவர். பொறுப்பில்லாத மனிதர் என்று சொல்ல நாக்குக் கூசும். நுழைவுச்சீட்டு வாங்கும்போதே காது மெஷின் விஷயத்தைச் சொல்லி விசாரித்திருக்கிறார். மின்கோளம் மட்டும்தான் ஆகாது, அங்கே ஏற்றுமுன் கட்டாயம் கேட்பார்கள் என்று சீட்டுக் கொடுத்தவள் சொல்லியிருக்கிறாள். அவரும் மகளிடம் சொல்லிவைத்துவிட்டு, நாலு வயது மகனுக்கு அவசரம் வந்ததால் அவனைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போயிருந்தார்.

திரும்பி வந்தவர் சத்தம் போடவில்லை. வில்லையை எடுத்துத் துடைத்துத் திரும்ப ஒட்டினார். பையிலிருந்து வேறு பேட்டரி எடுத்து மாற்றினார். மகளின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டார், பிறகு கை தட்டினார். அவள் திரும்பவில்லை. அப்போதுதான் கரண்டக்காவைப் பார்த்தார்.

"ஏத்தறதுக்கு முன்னாடி கேட்டீங்களாம்மா?"

"கேட்டேன்" என்றாள்.

பொய்யில்லை. நூறு பேர் சாட்சி இருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தை என்ன செய்தது என்பதை அங்கேயே நின்று பார்க்க வேண்டியதாயிற்று. அவர் மகள் பக்கம் திரும்பினார். அவர் முகம் மாறியது. அக்கா கேட்டாங்கல்ல, ஏன் சொல்லல, ஏன் சொல்லல என்று கேட்காத பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது போலிருக்கிறது, தலையைக் குனிந்துகொண்டாள்.

மேலாளர் கெட்டவர் இல்லை, பயந்தவர். மாலைக்குள் அறிக்கை தயாராகிவிட்டது. கேள்வி கேட்கப்பட்டதா என்ற இடத்தில் ஆம் என்று குறி. அதற்குக் கீழே, குழந்தை கருவியை மறைத்துவிட்டது, தானாகக் குதித்தது என்று இரண்டு வரி. எல்லாம் நடந்ததுதானே, கையெழுத்துப் போடுங்கள் என்றார். போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சமையலுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். அவள் கணவன் வாயைத் திறந்தாலே கேலிதான். அன்றைக்கு அவன்கூட மறுபேச்சில்லாமல் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு முடித்தான். பிறகு, நீ கேட்டாய், அது சொல்லவில்லை, இதில் உன் தப்பு எங்கே வந்தது என்றான். அதையேதான் அவளும் நேற்றிலிருந்து தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வாயிலிருந்து கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை, நூறு பேர் நடுவில், நான்தான் ரோபோ என்று கையைத் தூக்கியிருக்க வேண்டுமா என்று அவன்மேல் பாய்ந்தாள். அவன் பாவம், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனான்.

திங்கட்கிழமை மையத்துக்கு விடுமுறை. பதிவேட்டிலிருந்து முகவரியைக் குறித்து வைத்திருந்தாள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. வாசலில் சிமெண்ட் படிந்த செருப்பு. அப்பாவே கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். அந்த மரியாதையே அவளுக்குத் தாங்கவில்லை. காலையில்தான் காது மருத்துவமனைக்குப் போய் வந்திருந்தார்கள். வெளிக்கருவி போய்விட்டது, அங்கே வேறு ஒன்றை மாட்டிப் பார்த்தார்கள், அதிலும் சத்தம் வரவில்லை. உள்ளே இருப்பதும் போய்விட்டதா என்று வியாழக்கிழமை பரிசோதனை. போயிருந்தால் திரும்பவும் அறுவை சிகிச்சை.

சொல்லி முடித்துவிட்டு அவர், "நீங்க உங்க வேலையச் சரியாத்தான் செஞ்சீங்க. மறைச்சது எங்க பிள்ளை. அவளும் ராத்திரியெல்லாம் அதையே சொல்லி அழுறா" என்றார்.

கரண்டக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். கேட்டது உண்மை, ஆனால் எப்படிக் கேட்டேன் என்று சொல்லவில்லை என்றாள். ரோபோக் கேள்வியை அப்படியே, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மேடையில் சொல்லும்போது இயல்பாக வருகிற ஏற்ற இறக்கம் அந்த அறையில் வரவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்து விழுந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் சுவரைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிள்ளை ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முடியை இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டிருந்தது. கரண்டக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நோட்டை வாங்கி, கணக்குக்குக் கீழே எழுதினாள்: "தப்பு உன்மேல் இல்லை. நான் சரியாகக் கேட்கவில்லை."

பிள்ளை இரண்டு தரம் படித்தாள். பென்சிலை எடுத்து, குண்டு குண்டான எழுத்தில் கீழே எழுதிக் காட்டினாள்.

"கேட்டீங்க. நான் கையைத் தூக்கப் போனேன். எல்லாரும் சிரிச்சாங்க."

கரண்டக்கா அங்கேயே அழுதாள். அழக்கூடாது, அழுவதற்கு இங்கே உரிமை தனக்கில்லை என்று தெரிந்தும் அழுதாள். பிள்ளை பயந்துபோய் அப்பாவைப் பார்த்தாள். அப்பா வந்து நோட்டை வாங்கிப் படித்தார். பிறகு மகளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமையிலிருந்து அவர் அவளைத் தொடவே இல்லை என்பது அந்தப் பிடியில் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை, முதல் பள்ளிப் பேருந்து வருவதற்கு முன்னால், அவள் மேலாளர் அறைக்குப் போய் அறிக்கையைக் கேட்டாள். எதற்கு என்றார். ஒரு திருத்தம் என்றாள். குழந்தை மறைத்துவிட்டது என்ற வரியை அடித்தாள். ஆம் என்ற குறிக்குப் பக்கத்தில், தான் கேட்ட கேள்வியை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதினாள். இதை எழுதினால் மையம் முழுக்க மாட்டிக்கொள்ளும், எல்லோரும் இப்படித்தானே கேட்கிறோம் என்று மேலாளர் கெஞ்சினார். அதற்காகத்தான் எழுதுகிறேன் என்றாள்.

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இத்தனை வருடமாகத் தானே சொல்லிக்கொடுத்த அந்தக் கேள்வியை முதல் தடவையாக எழுத்தில் படித்தார்.