றொசல்லவுக்கு மேலே

சுஜீவன் ஓட்டிப்போன சிறிய விமானம் வட்டவளைக்கு மேலே மலையில் மோதிய நேரத்தில், மெரினா இரத்மலானை விமானப் பயிற்சிப் பள்ளியில் புதிய மாணவர்களுக்கு வானிலைப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள். இருவரிடமும் தொழில்முறை விமானி லைசன்ஸ் இருந்தது. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த விமான நிறுவனத்தின் வாசலையும் மிதிக்க முடியாது. பறந்த மணித்தியாலங்கள் இன்னும் கூட வேண்டும். மேகத்துக்குள் வெளியே எதுவுமே தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியும் வேண்டும். மெரினா பயிற்சிப் பள்ளியிலேயே ஆசிரியையாகச் சேர்ந்து, அந்தத் தகுதிக்கும் படிக்கத் தொடங்கியிருந்தாள். சுஜீவன் அந்தப் படிப்பில் அடுத்த மாதம் சேர்வதாக இருந்தான். அதுவரை தனியாகப் பறந்து மணித்தியாலம் சேர்த்துக்கொண்டிருந்தான்.

அன்று காலை அவன் கரையோரமாகக் கொக்கலை வரை போய்த் திரும்ப வேண்டும். கன்டீனில் தேநீர் குடிக்கும்போது மெரினாவிடம் சொன்னான்.

"கொக்கலைக்குப் போயிப் போயி அலுத்துப்போச்சு. இன்னைக்கு நம்ம லயத்துக்கு மேல ஒரு சுத்து சுத்திட்டு வரப்போறேன்."

"லூசா ஒனக்கு? அந்தப் பக்கம் முழுக்க மேகம். மேகத்துக்குள்ள ஓட்ட நீ இன்னும் படிக்கவே இல்ல."

"சரி சரி, போகல. மொறைக்காத."

அவன் சிரித்தான். அவளும் நம்பிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

சுஜீவனின் சவப்பெட்டியைத் திறக்காமலே அடக்கம் செய்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் மழை விடவே இல்லை. சுஜீவனின் அப்பா றோலண்ட், தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுபவர், மெரினாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயும் பிளேன் ஓட்டுறவ. நீ சொல்லு புள்ள. எம்மவன் தப்பு பண்ணியிருக்க மாட்டான்தானே? மெசின்லதானே கோளாறு?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ஆமென்று தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல் ஊரெல்லாம் பரவிவிட்டது. எஞ்சின் பழுதானதால்தான் சுஜீவன் பாதை தப்பினான் என்று பேசினார்கள். கடைசியாக எஞ்சினைச் சோதித்த மெக்கானிக் சிப்னாஸை விசாரணை முடியும்வரை பயிற்சிப் பள்ளி நிர்வாகம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. சிப்னாஸ் ஹட்டன்காரன். அவன் அம்மா ஜிப்ரியாவுக்கு அங்கே ஒரு துணிக்கடை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு றோலண்ட் அந்தக் கடைக்கு முன்னால் போய் நின்று, "ஒம்மவன்தான் எம்புள்ளயக் கொன்னான்" என்று கத்தினார். அதற்குப் பிறகு தோட்டத்து ஆட்கள் யாரும் அந்தக் கடையில் ஏறவில்லை.

சிப்னாஸ் மெரினாவுக்குப் போன் செய்தான்.

"சுஜீவன் எனக்கும் கூட்டாளிதான், மெரினா. அந்த எஞ்சின்ல ஒரு கொறையும் இல்ல. இத நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்? உம்மா கடையத் தெறந்து வச்சிட்டு அழுதுகிட்டு இருக்காங்க."

விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடமும் மெரினா தனக்கு எதுவும் தெரியாது என்றுதான் சொல்லியிருந்தாள். இப்போது மாற்றிச் சொன்னால், முதலில் பொய் சொன்னவள் என்று அவள் பெயரில் பதிவாகிவிடும். அந்த நேரம் பார்த்து, அவள் விண்ணப்பித்திருந்த விமான நிறுவனம் இரண்டாவது நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. கருவிப் பறப்புத் தகுதியை முடித்தால் எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்கள். எத்தனை வருடமாகக் காத்திருந்த அழைப்பு அது.

பொய்யை வைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார மனமில்லாமல், அவள் நேர்முகத்துக்குப் போகவில்லை. அதிகாரிகளிடம் போய் அன்று காலை கன்டீனில் பேசியதை அப்படியே சொன்னாள். பிறகு, வேறு யாரும் சொல்லி சுஜீவனின் அப்பா அம்மாவுக்குத் தெரியவரக் கூடாதென்று ரயிலேறி றொசல்லவுக்கு வந்தாள்.

றோலண்ட் வீட்டில்தான் இருந்தார். சுஜீவனின் அம்மா ஷிராணி, தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர், உள்ளே அடுப்படியில் இருந்தார். மெரினா உட்காராமலே சொன்னாள்.

"மாமா, மெசின்ல கோளாறு இருந்திருக்காது. அவன் லயத்துக்கு மேல சுத்தத்தான் இங்க வந்தான். காலையிலயே எங்கிட்ட சொன்னான். நான் போகாதன்னேன். போகலன்னு சொல்லிட்டுத்தான் வந்திருக்கான்."

றோலண்ட் எழுந்தார்.

"அன்னைக்குத் தலையாட்டுனது யாரு?"

"நான்தான் மாமா."

"ஒனக்கு வேல கெடைக்கணும்னு எம்புள்ள தலையில பழியப் போடுறியா? வெளிய போ!"

"அவளத் திட்டாதீங்க," என்றார் ஷிராணி. அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தார். "அவ சொல்றது நெசம். நான்தான் அவன வரச் சொன்னேன்."

றோலண்ட் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ ஓட்டுறத ஒரு தடவையாவது பாக்கணும்டான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அன்னைக்குப் போன் பண்ணி, வெளிய வந்து நில்லும்மான்னான். மடுவத்துப் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வந்து நின்னேன். சத்தம் கேட்டுச்சு. மேல ஒரே மேகம், ஒண்ணும் தெரியல. புள்ளைங்க எல்லாம் சத்தம் வந்த பக்கம் கைய ஆட்டுச்சுங்க. அப்புறம் சத்தமும் இல்ல."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"எப்புடிச் சொல்லுவேன்?"

றோலண்ட் செருப்பைக்கூடப் போடாமல் மழையில் இறங்கிப் போனார். ஷிராணி அழவில்லை. மெரினாவை உட்கார வைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அடுத்த வாரம் அவரும் அதிகாரிகளிடம் வாக்குமூலம் கொடுத்தார்.

சிப்னாஸ் மீது தவறில்லை என்று முடிவானது. பள்ளி திரும்ப அழைத்தும் அவன் போகவில்லை. மாலைதீவில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். ஜிப்ரியாவின் கடைக்குச் சனம் மெல்ல மெல்லத் திரும்பியது. றோலண்ட் மட்டும் அந்தத் தெருவாலேயே போவதில்லை. வீட்டில் மனைவியோடு பேசுவதையும் விட்டுவிட்டார். சாப்பாட்டை எடுத்து வைத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான்.

விமான நிறுவனம் மெரினாவின் இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டது. முதலில் மறைத்ததற்காகப் பள்ளியில் அவளுக்கு வகுப்புகளைக் குறைத்தார்கள். ஆனாலும் அவள் கருவிப் பறப்புப் பயிற்சியை விடவில்லை. வெளியே பார்க்க முடியாதபடி கண்ணுக்கு மேல் மறைப்பை மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கிக்கொண்டிருக்கும். உடம்போ நேராகப் போவதாக அடித்துச் சொல்லும். கருவியின் முள் காட்டுவதை நம்பி, உடம்பு சொல்வதைக் கேட்காமல் விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுஜீவன் நினைவுக்கு வருவான். முள்ளையே பார்த்துக்கொண்டு சரிவை நிமிர்த்துவாள்.

சோதனையில் தேறிய அன்று அவள் ஷிராணிக்குப் போன் செய்தாள்.

"பாஸ் பண்ணிட்டேன் அத்தை."

"நல்லாயிரு புள்ள. வேல குடுப்பாங்களா?"

"தெரியல. திரும்ப அப்ளிகேசன் போட்டுப் பாக்கணும்."

பிறகு ஷிராணி கேட்டார்.

"மேகத்துக்குள்ள எப்புடி இருக்கும்?"

"ஒண்ணும் தெரியாது அத்தை. சுத்திவர வெள்ளையா இருக்கும்."

"பயந்திருப்பானா?"

மெரினா யோசித்தாள். அவர் மனம் ஆறட்டும் என்று எதையும் கட்டிச் சொல்லக் கூடாது என்று நினைத்தாள். தனக்குத் தெரிந்ததையே சொன்னாள்.

"இல்ல அத்தை. நேராத்தான் போறோம்னு நெனச்சிக்கிட்டு இருந்திருப்பான்."