கரையேறிய பார்ஜ்

ஜெயபாரதி எழுதிய புரோகிராமில் தப்பு இருந்தது. அது அவளுக்குத் தெரிந்தபோது மணி இரண்டேகால்.

வருஷம் 1976. அடையாற்றில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஓர் அலுவலகம். கடலில் எங்கே என்ன ஆபத்து என்று துறைமுகத்திலிருந்து சீட்டுகள் வரும். அவற்றைக் கார்டில் துளையிட்டு மெஷினுக்குக் கொடுத்தால், கப்பல்களுக்கான எச்சரிக்கைப் பட்டியலை அது அச்சடித்துத் தரும். எட்டு மாத வேலை. அன்றுதான் முதல் பட்டியல் வெளியே போனது. மதியமே ஆள் கொண்டுபோய்ச் சாந்தோம் ரேடியோ நிலையத்தில் கொடுத்துவிட்டான். மூன்று மணிக்குக் கப்பல்களுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சாப்பிட்டுவிட்டு வந்தவள், சும்மாதான் நகலைச் சீட்டோடு ஒப்பிட்டாள். கவிழ்ந்து மிதக்கும் பார்ஜ் ஒன்று, தட்டையான சரக்குப் படகு. சீட்டில் அதன் தீர்க்கரேகை 80.28. பட்டியலில் எண்பது டிகிரி பதினேழு நிமிஷம்.

மாலுமிகளுக்குப் புள்ளிக்குப் பின்னால் வருவது நிமிஷம்; டிகிரிக்கு அறுபது. அவள் புரோகிராம் அதை நூறில் இருபத்தெட்டு என்று எடுத்துக்கொண்டு பதினேழு நிமிஷமாக்கியிருந்தது. சோதனைக்கு அவள் போட்ட கார்டுகளில் எல்லாமே முழு டிகிரி. சோதனை பிரமாதமாகத் தேறியிருந்தது. பட்டியலில் பார்ஜ் இருபது கிலோமீட்டர் நகர்ந்துவிட்டது.

சீட்டின் அடியில் எழுதியிருந்தபடி, அந்தப் பக்கமாக நாலு மணிக்கு ஒரு தானியக் கப்பல் வருகிறது. அதில் முப்பத்தெட்டுப் பேர்.

போன் காலையிலிருந்து செத்துக் கிடந்தது. சீட்டுகளை வாரிக்கொண்டு ஓடி ஓர் ஆட்டோவை மறித்தாள்.

"சாந்தோம். சீக்கிரம்."

"இன்னாம்மா, பிரசவ கேஸா?"

"கப்பல் கேஸ்."

"கப்பலுக்கு ஆட்டோவுல போறியா?" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு இரண்டு பஸ்களுக்கு நடுவே புகுந்தான்.

ரேடியோ நிலையத்தில் இனாயத் என்கிற ஆபரேட்டர் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடல் வரைபடத்தின் மேல் குனிந்திருந்தார்.

"அண்ணே, அந்தப் பட்டியலை அனுப்பாதீங்க!"

"அனுப்பல. எதுவானாலும் படத்துல புள்ளி வெச்சுப் பாத்துட்டுதான் அனுப்புவேன். உன் பார்ஜ் எங்க கீது தெரியுமா? நொச்சிக்குப்பத்துக் கரைமேல, மீன் கூடைக்குப் பக்கத்துல. மீன்காரிங்க எடம் உடுவாங்களா?"

"எங்களுக்குச் சொல்லியிருக்கலாமேண்ணே."

"அஞ்சு தபா போன் அடிச்சேன், எவன் எடுத்தான்? சரியான எடம் தெரியாம நான் இன்னாத்த அனுப்புறது? குடும்மா சீட்ட."

புதிய புள்ளியை வைத்தார். கப்பல் வரும் வழியைப் பென்சிலால் இழுத்தார். கோடு புள்ளியைத் தொட்டுக்கொண்டு போனது. அப்புறம் அவர் வேடிக்கை பேசவில்லை. மூன்று மணிவரை காத்திருக்கவும் இல்லை. தந்தியடிக்கும் மோர்ஸ் சாவியைத் தட்டத் தொடங்கினார்.

பதில் வர ஆறு நிமிஷம் ஆனது. ஜெயபாரதி நின்றுகொண்டே இருந்தாள். இனாயத் ஏதோ எழுதினார், ஹெட்போனைக் கழற்றினார்.

"கப்பல் திரும்பிடுச்சி. வடக்கால போவுது."

அவள் அங்கிருந்த மரப்பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அழுவாதம்மா, படம் நனைஞ்சுடும்."

"அழலண்ணே. வேர்க்குது."

"பட்டியல்ல இன்னும் ஒம்போது கீது. அதுவும் தப்பா?"

"எல்லாமே தப்பு" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். அவர் புள்ளி வைத்துக்கொண்டே போனார். பட்டியல் மூன்று இருபதுக்குத்தான் போனது. தாமதத்துக்குக் காரணம் எழுதப் பதிவேட்டைத் திறந்தவர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

"மெஷின் ரிப்பேர்னு எளுதிக்கவா?"

"வேண்டாம்ண்ணே. மெஷின் நல்லாத்தான் இருக்கு. புரோகிராம் தப்புன்னு எழுதுங்க. எழுதினது ஜெயபாரதின்னு போட்டுக்குங்க."