இரவல் கொடுக்கப்படாத கிணறு

1963 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில், கிண்ணியா ஓடக்கரைத் தெருவுக்குத் தண்ணீர் கொடுத்துவந்த நான்கு கிணறுகளில் ஒன்று, தன் கட்டோடும் தண்ணீர் அள்ளும் துலாவோடும் ஊரைவிட்டுக் கிளம்பிப் போய், மலைமேல் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் நூலகத்தில், சஞ்சிகை அறையில், இரண்டு அலுமாரிகளுக்கு நடுவே குடியேறியது. அந்த வாரம் சீனி விலையும் ஏறியிருந்தது. சந்தையில் இரண்டையும் பற்றி ஒரே குரலில்தான் கதைத்தார்கள். கிணறு கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று வெளியூர்க்காரர் சொல்வது மட்டும் பிழை. கோபம் கிணற்றுக்கு இல்லை, எங்கள் தெரு ஆமினா உம்மாவுக்கு. அந்தக் கோபம் நியாயமானது. எங்களுக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

ஓடக்கரைத் தெருவில் பிள்ளைகளுக்கு ஏழு வயதானால் கால் மடங்கிவிடும். எல்லாருக்கும் இல்லை, வீட்டுக்கு ஒன்று என்கிற கணக்கில். ஓடித் திரிந்த பிள்ளை ஒரு காலையில் பாயிலிருந்து எழும்பாது, அவ்வளவுதான். 1956 இல் பல்கலைக்கழகத்திலிருந்து ஜீப்பில் வைத்தியர்கள் வந்தார்கள். கிணறுகளிலிருந்து போத்தல் போத்தலாகத் தண்ணீர் எடுத்தார்கள். பிள்ளைகளின் கையில் ஊசி போட்டு இரத்தம் எடுத்தார்கள். கூட வந்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆமினா உம்மா, "இதென்ன, இரவலா?" என்று கேட்டாள். அந்த ஆள் சிரித்துக்கொண்டு, "ஓம் ஓம், இரவல்தான்" என்றான். அவன் பகிடிக்குச் சொன்னான். தெரு அதைப் பகிடியாக எடுக்கவில்லை. எங்களிடம் இரவல் வாங்கிய சட்டியை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி அரிசியாவது, ஒரு துண்டுக் கருப்பட்டியாவது உள்ளே கிடக்கும். எனவே போன இரத்தம் ஒரு பதிலோடு திரும்பி வரும் என்று தெரு காத்திருந்தது. ஜீப் திரும்பி வரவேயில்லை.

பதில் எப்போதோ எழுதி அச்சாகிவிட்டது என்பதைக் கண்டுபிடித்தவர் பஸ்தியாம்பிள்ளை மாஸ்டர். திருகோணமலை டவுனிலிருந்து தினமும் ஓடத்தில் வந்து எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்தவர். டவுன் வாசிகசாலையில் பழைய இங்கிலீசுச் சஞ்சிகை ஒன்றைப் புரட்டும்போது, வேறு சஞ்சிகைகளில் வந்த கட்டுரைகளின் சுருக்கங்களுக்கிடையே இரண்டே வரி கிடந்தது: கிண்ணியாவில் பிள்ளைகளின் கால் முடக்கத்துக்கு நான்கு கிணறுகளில் ஒன்றே காரணம் என்று நிறுவப்பட்டிருக்கிறது. எந்தக் கிணறு என்று அந்த இரண்டு வரியில் இல்லை. முழுக் கட்டுரை வெளியான ஆண்டு 1958. ஆமினா உம்மாவின் மகன் தாஹிருக்குக் கால் மடங்கியது 1959 இல். மாஸ்டர் இதை அவளுக்குச் சொன்னபோது அவள் அழவில்லை. "அப்ப என்ட புள்ள நடந்து திரிஞ்ச நேரமே அவங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அவளுடைய இளையவள் ஸல்ஹாவுக்கு அப்போது ஆறு வயது முடியப்போகிறது. நான்கையும் மூடலாம் என்றால் குடிக்க வேறு நல்ல தண்ணீர் கிடையாது, மற்றதெல்லாம் உவர். தெரு பயந்துபோய் புளியடிக் கிணற்றைச் சந்தேகப்பட்டது, சந்தைக் கிணற்றைச் சந்தேகப்பட்டது, பள்ளிவாசல் கிணற்றைக்கூட ஒரு மாதிரிப் பார்த்தது. கடைசியில் எல்லாரும் ஆமினா உம்மாவின் வளவுக் கிணற்றுக்கே குடத்தோடு வந்தார்கள். மௌத்தான அவள் புருசன் ஸைனுலாப்தீன் வெட்டிய கிணறு. இளநீர் மாதிரித் தண்ணீர். அவர் பேரால் நன்மை சேரட்டும் என்று அவள் வேலிப் படலையைப் பகலெல்லாம் திறந்தே வைத்திருந்தாள்.

சுகாதாரக் கந்தோரில் கேட்டால் பல்கலைக்கழகத்தைக் கேள் என்றார்கள். கட்டுரை எழுதிய வைத்தியர் சீமைக்குப் போய்விட்டார். ஆகவே பெருநாள் முடிந்ததும் ஆமினா உம்மாவும் மாஸ்டரும் ஓடம் ஏறி, பஸ் ஏறி, கப்பல்துறை தாண்டி மலைக்குப் போனார்கள். நூலக வாசலில் கனகரத்தினம் என்ற உத்தியோகத்தர் கதிரையில் இருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல ஏலாது. ஒழுங்குக்குப் பிறந்த மனிதர். அங்கத்தவர் அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. துறைத் தலைவரின் கடிதம்? இல்லை. கட்டுரை வந்த சஞ்சிகை அவருக்குப் பின்னால், கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தோல் அட்டை போட்டு நின்றது. மாஸ்டருக்கு அதன் முதுகு எழுத்தை நின்ற இடத்திலிருந்தே வாசிக்க முடிந்தது.

"ஒரு பக்கத்தை மட்டும் நீங்களே பாத்துச் சொல்லுங்கோ. எந்தக் கிணறு எண்டு ஒரு சொல்லுத்தானே, ஐயா" என்றார் மாஸ்டர்.

"நான் வாசிச்சுச் சொல்ற ஆள் இல்லை, மாஸ்டர். சஞ்சிகைகள் இரவல் குடுக்கிறதும் இல்லை."

அத்தனை கதையிலும் ஆமினா உம்மாவுக்குச் சுள்ளென்று பட்டது அந்த ஒரு சொல்தான்.

"இரவலா? நாங்க உங்களுக்கு இரவல் தரல்லையா? என்ட புள்ளைட இரத்தம் இரவல், எங்கட தண்ணி இரவல். அட்டை கேட்டமா? கடிதம் கேட்டமா?" அவள் குரலில் வாசிப்பு மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் நிமிர்ந்தது. "கிணத்துட கதையப் பூட்டி வெச்சிருக்கிற ஆக்கள், கிணத்தையும் நீங்களே வெச்சுக்கொள்ளுங்க!"

கனகரத்தினம் உதட்டில் விரல் வைத்து, சத்தம் போடக்கூடாது என்று காட்டினார்.

மறுநாள் அவர்கள் ஊருக்குத் திரும்பியபோது ஓடத்துறையிலேயே சனம் கூடி நின்றது. கிணறு ஒன்று போய்விட்டது என்றார்கள். புளியடிக் கிணறு இருந்தது. சந்தைக் கிணறு இருந்தது. பள்ளிவாசல் கிணறும் இருந்தது. ஆமினா உம்மா மேற்கொண்டு கேட்காமல் வீட்டுக்கு நடந்தாள். வளவில் கிணறு இருந்த இடத்தில் பெருக்கிவிட்டது போல வெறும் மணல் கிடந்தது. தாஹிர் குசினி வாசலில், பலகையில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவுக்கெல்லாம் வார்த்த தண்ணீர். தாஹிருக்குத் தன் கையாலேயே அள்ளிக் கொடுத்த தண்ணீர். அவள் அந்த மணலில் குந்தி, இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளித் தரையில் அடித்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. கட்டுரை வந்ததற்கும் அன்றைக்கும் இடையில் எங்கள் தெருவில் ஒரு வகுப்பு நிறையும் அளவுக்குப் பிள்ளைகளுக்குக் கால் மடங்கியிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு பிள்ளைக்கும் கால் மடங்கவில்லை. ஸல்ஹா ஏழும் கடந்தாள், எட்டும் கடந்தாள். 1980 இல் இறக்கக்கண்டியில் வாழ்க்கைப்பட்டாள், தன் காலால் நடந்து போய்.

நூலகத்தார் கிணற்றைக் கண்டு நெடுநாள் திகைக்கவில்லை. அதற்கு ஓர் இலக்கமிட்டு, அதன் கட்டின்மேல் ஓர் அறிவித்தலையும் ஒட்டினார்கள்: இரவல் கொடுக்கப்படாது. மலையில் குழாய்த் தண்ணீர் நின்ற ஒரு கோடையில் அதில் வாளி போட்டார்கள். தண்ணீர் இளநீர் மாதிரி இருந்ததால் பிறகு விடவில்லை. இதைக் கேள்விப்பட்டு ஆமினா உம்மா இன்னொரு முறை மலையேறினாள். அதுதான் அவள் குணம். வாசலில் அதே கனகரத்தினம், அட்டை இருக்கிறதா என்று கேட்டார். "நான் கேக்க வரல்ல தம்பி, சொல்ல வந்தனான். அந்தத் தண்ணியக் குடிக்காதீங்க" என்றாள். ஆலோசனை சொல்வதென்றாலும் அங்கத்தவர்தான் சொல்லலாம் என்றார் அவர். அவள் திரும்பிப் போய் பஸ் ஏறினாள்.

இன்றைக்கும் அங்கே விரிவுரையாளர்களின் தேநீர் அந்தத் தண்ணீரில்தான். நல்ல ருசி என்கிறார்கள். அவர்களின் வீடுகளுக்கும் போத்தலில் போகிறதாம். கட்டுரை கிணற்றுக்குப் பக்கத்து அலுமாரியிலேயே இருக்கிறது. அவர்கள் எல்லாரிடமும் அட்டை உண்டு.