ஞாயிறுதோறும் பத்து மணிக்கு

அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளை ஃபைலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று அலமாரி நிறைய ஃபைல்கள். எது எங்கே இருக்கிறது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். எல்லாம் அரசாங்கச் செலவில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளுடையவை. வருடத்துக்கு நாற்பது பேர் இங்கிருந்து போவார்கள், நாற்பது பேர் அங்கிருந்து வருவார்கள். இதனால் நாடுகளுக்கிடையே நட்பு வளர்கிறது என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. வளர்ந்தால் சந்தோஷம்தான். ஃபைலக்கா பார்த்தவரையில் வளர்ந்ததெல்லாம் அலமாரி.

போனவர்கள் படிப்பு முடிந்ததும் திரும்பி வந்து மூன்று வருடம் இங்கே வேலை செய்ய வேண்டும். அங்கேயே நல்ல ஆராய்ச்சி வேலை கிடைத்துவிட்டால் விலக்குக் கேட்கலாம். ஆனால் சொந்த மண்ணோடு தொடர்பு அறுந்துபோகவில்லை என்று காட்ட வேண்டும். அதற்காகவே படிவத்தில் பதினோராவது கேள்வி: குடும்பத்தாருடன் எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுகிறீர்கள்? பையன்கள் கை கூசாமல் 'வாரம் ஒருமுறை' என்று எழுதிவிடுவார்கள். அது நிஜம்தானா என்று வீட்டுக்கு ஃபோன் போட்டு விசாரிப்பது பதினாறு வருடமாக ஃபைலக்காவின் வேலை.

அதில் அவள் பொல்லாத கெட்டிக்காரி. கேள்வியைப் போட்டுவிட்டு மூச்சுக்கூட விடாமல் காத்திருப்பாள். நிஜமாக இருந்தால் பதில் உடனே வந்து விழும். இல்லையென்றால் சின்னதாக ஒரு மௌனம், அப்புறம்தான் 'பேசுவான், பேசுவான்' என்பார்கள். அவள் ஓரத்தில் 'தயக்கம்' என்று எழுதுவாள். அந்த ஒரு வார்த்தை போதும், விலக்கு கிடைக்காது. பையன் மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்வான். ஒருமுறை தையல்காரர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். "எனக்குப் பொய் சொல்ல வரலம்மா. அதுக்காகவா எம்புள்ள வேலை போச்சு?" என்று கேட்டார். விதி அப்படி என்று சொல்லிவிட்டு ஃபைலக்கா டீ குடிக்கப் போய்விட்டாள்.

இந்த வருடம் வந்த விண்ணப்பங்களில் ஒன்று அவள் மகனுடையது.

உறையைப் பிரித்தவளும் அவள்தான். மண்ணைப் பற்றிப் படிக்கப் போனவன். அப்பா இல்லாத பிள்ளை, ஒரே பிள்ளை. அங்கேயே தங்கிவிட நினைக்கிறான் என்று அம்மாவிடம் மூச்சு விடவில்லை. பதினோராவது கேள்விக்கு நேரே அவன் கையெழுத்தில், 'ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு அம்மாவுடன் பேசுகிறேன்' என்று இருந்தது. அவன் கடைசியாகப் பேசி நாற்பத்தொரு நாளாகியிருந்தது. அதுவும் பட்டச் சான்றிதழை ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லத்தான். அவளுக்கு முதலில் வந்தது கோபம். பிறகு, யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டாள்.

சொந்தப் பிள்ளையின் ஃபைலை அவள் தொடக் கூடாது. பிரிவு அதிகாரியிடம் கொடுத்துவிட்டாள். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் கமா. எந்தக் கடிதம் போனாலும் நாலு கமாவாவது போடாமல் கையெழுத்திட மாட்டார். நல்ல மனுஷர்தான், விதி என்று வந்துவிட்டால் மட்டும் ஆளே வேறு. குடும்பத்தாரை ஃபோனில் விசாரிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அம்மா பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஃபோனில்தான் விசாரிப்பேன் என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மத்தியானம் கேட்பதாக ஏற்பாடு.

இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் பொய் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் தயங்கினாலே போதும், பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான். காலையில் ஒரு தம்ளருக்குப் பதில் இரண்டு தம்ளர் கழுவலாம். சாயங்காலம் பூட்டைத் திறந்துகொண்டு இருட்டுக்குள் நுழைய வேண்டாம். விளக்கைப் போட்டு யாராவது உள்ளே இருப்பார்கள்.

வியாழக்கிழமை கமா கண்ணாடி அறைக்குள் போய், அவள் முகம் தெரியக் கூடாது என்று நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவள் மேஜையில் ஃபோன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. இரண்டாவது மணிக்குத் தையல்காரரின் நினைவு வந்தது. அவர் மகன் இப்போது இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் வேலை பார்க்கிறான். அப்பாவும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்வி. இவனையும் அப்படி இழுத்து வரலாம்தான். வந்து அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மூன்றாவது மணிக்கு ஃபோனை எடுத்தாள்.

"உங்க மகன் உங்ககூட எத்தனை நாளைக்கு ஒரு தடவ பேசறார்?"

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பேசுவான் சார். காலைல பத்து மணிக்கு."

பதில் உடனே வந்து விழுந்தது. எத்தனை பேர் வாயிலிருந்து அதைக் கேட்டிருப்பாள்.

"என்ன பேசுவார்?"

இந்தக் கேள்வியும் விசாரணைப் படிவத்தில் உண்டு. பதினாறு வருடம் ஊரையெல்லாம் கேட்டவளுக்கு இது மறந்தே போயிருந்தது. ஆனால் வாய் அவளுக்காகக் காத்திருக்கவில்லை.

"சாப்ட்டியான்னு கேப்பான். முட்டி வலி எப்படி இருக்குன்னு கேப்பான். சமையல்கட்டுக் குழாய் ஒழுகுது, அத சரி பண்ணிட்டியாம்பான். இல்லன்னா திட்டுவான். ராத்திரி தனியா இருக்க பயமா இருக்காம்மாம்பான்."

"நீங்க என்ன சொல்வீங்க?"

"பயம் என்னடா பயம்னு சொல்வேன்."

கமா எழுதுகிற சத்தம் ஃபோனில் கேட்டது. குழாய் ஒழுகுவது மகனுக்குத் தெரியாது. முட்டி வலி வந்ததே அவன் போன பிறகுதான்.

"தயக்கம் இல்லைன்னு எழுதிட்டேன்," என்றார் கமா. "விதிப்படி திருப்பிப் படிக்கறேன், கேட்டுக்குங்க." தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "மகன், ஞாயிறுதோறும், காலை பத்து மணிக்குத் தாயை அழைக்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்கிறார், முழங்கால் வலி குறைந்ததா என்று கேட்கிறார், குழாயைச் சரிசெய்யாததற்குக் கடிந்துகொள்கிறார், தனியாக இருக்கப் பயமாக இருக்கிறதா என்று கேட்கிறார்." ஒவ்வொரு கமாவுக்கும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். "ஏதாவது மாத்தணுமாக்கா?"

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அவள் கண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரின் முதுகின் மேல் இருந்தது.

"சரியா கேக்கல சார்," என்றாள். "இன்னொரு தடவ படிங்க."

கமா முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.